ஜன்னலைச் சாத்தினால் ஈரம் வராதாமே!

"நம்ம ஊரு காத்தே ஈரக் காத்து சார். ஜன்னலைத் திறந்தா அந்த ஈரமெல்லாம் உள்ள வந்திடும். நல்லா இறுக்கிச் சாத்திட்டுப் படுத்தாதான் வேன் காஞ்சு இருக்கும்."

சுங்கை சிப்புட்டில் பழைய வேனை வாங்கி, இருக்கையைக் கழற்றி, மெத்தை போட்டுக்கொண்டு பேண்டிங் ஏரிக்கும் கேமரன் மலைக்கும் கிளம்புகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பட்டறையில் கேட்டாலும் இதுதான், ஒட்டுக்கடையில் கேட்டாலும் இதுதான். விடியும்போது கூரைத் தகரத்திலிருந்து முகத்தில் சொட்டுகிறது, மெத்தைக்கு அடியில் பூசணம் பூக்கிறது. அடுத்த வாரம் என்ன செய்கிறார்கள்? இன்னும் இறுக்கிச் சாத்துகிறார்கள். கதவு ரப்பரை எல்லாம் புதிதாக மாற்றுகிறார்கள்!

அட, சாத்திய வேனுக்குள் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோவதே நீங்கள்தானே. தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் விடுகிற நீர் ஓர் இரவுக்குக் கால் லிட்டருக்குக் குறையாது. இரண்டு பேர் படுத்தால் அரை லிட்டர். அது எங்கே போகும்? 24 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 22 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஒரு சாதாரண வேனுக்குள் சுமார் 8 கன மீட்டர் காற்று இருக்கிறது. முழுக்க நிரம்பினாலும் 180 கிராமை எட்டாது. நீங்கள் கதவைச் சாத்தும்போதே அதில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிவிட்டது. மிச்ச இடம் 18 கிராம்கூட இல்லை. இரண்டு பேரின் மூச்சு அதை அரை மணி நேரத்திற்குள் நிரப்பிவிடும். அப்புறம் விடியும்வரை விடுகிற ஒவ்வொரு கிராமும் கண்ணாடியிலும் தகரத்திலும் மெத்தையிலும்தான் போய் உட்கார வேண்டும். கேமரன் மலையில் 15 பாகைக்கு இறங்கும் இரவில் ஒரு கன மீட்டர் 13 கிராமைத்தான் தாங்கும். அங்கே நிலைமை இன்னும் மோசம்.

"வெளிக் காற்றும் ஈரம்தானே, அதை உள்ளே விட்டு என்ன பயன்?" என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கேட்டவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. வெளிக் காற்று 90 விழுக்காடு ஈரம் என்று வையுங்கள். கன மீட்டருக்கு 20 கிராம் சுமந்து வருகிறது; இன்னும் 2 கிராம் சுமக்க இடம் இருக்கிறது. அரை லிட்டரைத் தூக்கிப் போக 250 கன மீட்டர் காற்று வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் பார்த்தால், வேன் காற்று மணிக்கு நான்கு தடவை மாறினால் போதும். கணினிப் பெட்டிக்குள் சுற்றுமே, அந்த அளவு 12 வோல்ட் விசிறி ஒன்று இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். ஈரக் காற்றாலும் ஈரத்தை வெளியேற்ற முடியும். அது நின்றுவிடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. தோட்டத்து ஸ்டோரில் புகைவீட்டைப் பார்த்துக்கொண்டவன் நான். கித்தாப் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுத்து, கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு நாலு நாள் புகை போடுவோம். முதல் நாள் சூடு 45 பாகைக்குள்தான். ஆனால் கூரைத் திறப்புகள் எல்லாம் முழுக்கத் திறந்திருக்கும், ஏனென்றால் ஷீட் தண்ணீரை விடுகிற நாள் அதுதான். ஈரம் வற்ற வற்றத் திறப்பைக் குறைத்து, சூட்டை ஏற்றி, கடைசி நாளில் 60 பாகைக்குக் கொண்டுபோவோம். வெளியே அடைமழை கொட்டினாலும் முதல் நாள் மேல் திறப்பை எவனும் சாத்த மாட்டான். சாத்தினால் ஷீட் காயாமல் பூசணம் பிடித்து நிற்கும், விலை கீழே போகும். கீழே காற்று நுழைய வழி, மேலே போக வழி. பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, கையில் போனை வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வானம் தெளிந்த இரவில் கூரைத் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மூடுபனி இறங்கிய ஏரிக்கரையில் வெளிக் காற்றிலேயே இடம் இருக்காது. அந்த இரவுகளில் காற்றோட்டம் மட்டும் போதாது. தகரம் வெறுமையாகத் தெரியாதபடி, நீர் இறங்காத நுரை அட்டையை இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். மெத்தையைப் பலகை மேல் நேராகப் போடாமல், அடியில் காற்று ஓடச் சட்டம் அடிக்க வேண்டும்.

அடுத்தது கள்ளன் பயம். ஜன்னல் திறந்தால் கை உள்ளே வரும் என்பது உண்மையான பயம்தான், அதற்காக மூச்சை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முன் கதவுகளில் மழைத் தடுப்பு வைசர் மாட்டி, அதன் மறைவில் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியவே தெரியாது. நகரும் ஜன்னலாக இருந்தால் தண்டவாளத்தில் அளவு வெட்டிய ஒரு கட்டையை வையுங்கள். அந்த அளவுக்கு மேல் திறக்காது. உட்பக்கமிருந்து மாட்டிய எஃகு வலை அதற்கு மேல் பாதுகாப்பு. கொசுவலையும் சேர்த்தால் காற்று நன்றாகக் குறையும், அதனால் திறப்பைப் பெரிதாக வையுங்கள். ஒரு பக்கம் தாழ, எதிர்ப்பக்கம் உயர. அந்த எஃகு வலைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தேடுகிற வேலை மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பவர் இருட்டில், சாவி இல்லாமல், ஒரே கையால் திறந்து வெளியே குதிக்க முடியாத வலை, வேன் தீப்பிடித்தால் எமன்.

மற்றக் கதைகளை வேகமாக முடிக்கிறேன்.

இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டு, கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டுத் தூங்கினால் ஆபத்தில்லையாம். இதில் பேச்சுக்கே இடமில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு விரல் வழியாகவே அது உள்ளே வரலாம். இப்படித் தூங்கி எழாமல் போனவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பக்கத்து லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போதுமாம். சிலிக்கா மணி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் பிடிக்கும். அரை லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். மறுநாள் அதை அடுப்பில் வறுக்கவும் வேண்டும்.

கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரித்தால் ஈரம் காயுமாம். சின்ன கேஸ் டின் ஒன்று எரிந்து முடிந்தால் முந்நூறு கிராமுக்கு மேல் தண்ணீரைத்தான் கக்கும். சமையலை வெளியே வையுங்கள்.

கூரையில் திறப்பு வைத்தால் மழை ஒழுகுமாம். காளான் குடை போட்ட திறப்பு, ஓரத்தில் ஒழுங்காகப் பசை பூசியிருந்தால், தைப்பிங் மழைக்கும் ஒழுகாது. ஆனால் வெட்டும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் கேளுங்கள். வண்டியின் உடலை மாற்ற அனுமதி வேண்டும்.

வேனைப் பற்றி இவ்வளவு பேசியவன் வீட்டைப் பற்றிப் பேசாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச்சட்டப்படி, குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 5 விழுக்காடு அளவுக்கு, காற்று தடையின்றிப் போகும் திறப்பு இருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழுந்தாலும் காற்றும் வந்தது. தாமான் வீட்டுக்கு வந்தோம். ஜன்னலுக்கு மேல் துளைக்கல் வைத்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள். ஏர்கோன் மாட்டிய கையோடு அதன் மேல் பலகை அடித்து அடைத்துவிட்டோம். இப்போது அலமாரியில் பட்டுச் சேலை பூசணம் பிடிக்கிறது என்று கடையில் மருந்து தேடுகிறார்கள். பலகையைப் பிடுங்குங்கள், கொசுவுக்கு வலை அடியுங்கள். ஏர்கோன் அறையென்றால் பகலில் திறந்து இரவில் சாத்தச் சின்னக் கதவு வையுங்கள். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.