பரீட்சை பயமும் நம் பிள்ளைகளும்

தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன மகள், முதல் பரீட்சை நெருங்கும்போது, "அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது, தூக்கமே வரல்ல" என்கிறாளா? "எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறோம்!" என்று சொல்லிவிடாதீர்கள், பாரம் கூடும்.

பயம் வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கும், இருதயம் வேகமாக அடிக்கும். கொஞ்சம் பயம் படிக்கத் தூண்டும். மிஞ்சினால் படித்ததும் ஞாபகம் வராது.

விடிய விடியப் படிக்க வேண்டாம். தூக்கத்தில்தான் பாடம் மனத்தில் பதிகிறது. புத்தகத்தை மூடிவிட்டு, தன்னையே கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இதுவே நீண்ட நாள் நினைவில் நிற்கும் என்று 2006-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

சோறு இறங்காமல் நாட்கள் ஓடினால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். "வாழவே பிடிக்கல்ல" என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

"மார்க்கு கிடக்கட்டும், நீதாம்மா எங்களுக்கு முக்கியம்" என்று இன்றே சொல்லுங்கள்.