ஒரு பெயர், பல கணினிகள்

கணினிக் கூடத்தில் இன்று ஓரிடத்தில் அமர்ந்து எழுதிய கட்டுரையை, நாளை வேறோர் இடத்தில் அமர்ந்து திறப்பது எவ்வாறு? இதனை ஈண்டு நாம் ஆராய்வோம்.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 'அத்தீனா' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் மாணவரின் கோப்புகள் அவர் அமரும் கணினியில் இராமல், 'வழங்கி' எனப்படும் நடுக்கணினிகளில் காக்கப்பட்டன. எந்தக் கணினியில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாலும், அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் அங்கே வந்தன. மென்பொருளும் நடுவிலிருந்தே வழங்கப்பட்டது.

தோட்டத்துப் பெற்றோர் இதனை எளிதில் உணர்வர். எந்த நிரையில் மரம் சீவினாலும், கணக்கு பெரட்டுப் பதிவேட்டில் அவரவர் பெயரில்தானே ஏறும்!

கடவுச்சொல்லைக் கம்பி வழியே அனுப்பாமல் ஆளை அறியும் 'கெர்பரோஸ்' முறையும் அத்திட்டத்திலேயே உருவாயிற்று. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 அதனை ஏற்றுக்கொண்டது.

ஆயினும், நடுக்கணினி பழுதுற்றால் அனைவருக்கும் இடரே. ஆதலின் கோப்புகளின் படி வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை உற்ற தோழனிடமும் கூறலாகாது. கணினி கெட்டால் வேறொன்று வாங்கலாம். நம் பிள்ளைகள் உழைத்து எழுதியதை எக்கடையில் வாங்குவோம்?