சுக்கான் ஷாஃப்ட் நுழையும் துளை

அன்புள்ள இளங்கோவுக்கு,

ஒற்றை ஆள் நீர்மூழ்கிக்குத் தகடு வளைத்து முடித்துவிட்டாய், அடுத்தது சுக்கான் ஷாஃப்ட் உள்ளே வரும் துளைதான் என்று எழுதியிருக்கிறாய். எந்த சீல் வாங்கலாம் என்பது உன் கேள்வி. கடைக்குப் போகுமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள். தண்ணீரைத் தடுப்பதில் ரப்பரின் பங்கு சிறிது. அது உட்காரும் உலோகத்தை நீ எப்படிக் கடைகிறாய் என்பதே பெரிது. இதை ஒப்புக்கொண்டால் உன் வேலையின் வரிசையே மாறிவிடும்.

கணக்கைப் பார். கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். நீ போக நினைக்கும் 30 மீட்டரில் 3 கிலோ. சாதாரண ஆயில் சீல் அரைக் கிலோ அளவுக்குத்தான் செய்யப்பட்டது. அதனால் அது உனக்கு ஆகாது. மெதுவாக இப்படியும் அப்படியும் திரும்பும் சுக்கானுக்கு ஓ-ரிங் போதும், ஆனால் அதன் காடி சரியாக இருக்க வேண்டும். 3.5 மி.மீ. தடிப்புள்ள ஓ-ரிங்கை 15 சதவீதம் நசுக்கினால் கிடைப்பது அரை மில்லிமீட்டர் இறுக்கம். ஓ-ரிங் உட்காரும் ஹவுசிங்கை முழு அளவுக்குக் கடைந்து முடித்துவிட்டுப் பிறகு கூட்டோடு வெல்டிங் செய்தால், சூட்டில் துளை கோணி ஒரு பக்கம் 0.3 மி.மீ. விலகினாலே அந்த இறுக்கத்தில் பாதிக்கு மேல் போய்விடும். எந்தக் கம்பெனி ரப்பரும் அதை ஈடுகட்டாது. ஆகவே 2, 3 மி.மீ. மிச்சம் விட்டு வெல்டிங் செய். ஆறியபின் கடைசி அளவுக்கு போரிங் போடு. ஷாஃப்ட்டையும் கவனி. லேத்தில் ஃபீட் வேகமாக ஓடினால் அதன் மேல் விழும் கோடு உண்மையில் ஒரு நுண்ணிய மரை. ஓ-ரிங்கின் அடியில் சுற்றிச் சுற்றி நீர் உள்ளே வர அதுவே வழி. கிரைண்டிங் செய்து சொரசொரப்பை 0.4 மைக்ரானுக்குள் கொண்டு வா. ஓ-ரிங் ஏறும் முனையைச் சரிவாகச் சீவிவிடு. கூர் விளிம்பு மாட்டும்போதே அதை வெட்டிவிடும். 25 மி.மீ. ஷாஃப்ட்டை 30 மீட்டரில் கடல் சுமார் 15 கிலோ பாரத்தோடு உள்ளே தள்ளும். ஷாஃப்ட்டின் காலரை வெளிப்பக்கம் வைத்தால் அந்தத் தள்ளலே அதை ஹவுசிங்கில் அழுத்தி உட்கார்த்தும்.

விசைப்படகில் ஷாஃப்ட் நுழையும் இடத்துக் கிளாண்ட் சொட்டிக்கொண்டேதானே ஓடுகிறது என்று கேட்பாய். படகின் ஷாஃப்ட் கிடப்பது ஒரு மீட்டர் ஆழத்தில். சொட்டுவதை பம்ப் இறைத்துவிடும். 30 மீட்டரில் 10 மி.மீ. துளை ஒன்று நொடிக்கு ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே விடும். புரொப்பெல்லர் மோட்டாரைப் போல எல்லாவற்றையும் கூட்டுக்கு வெளியே எண்ணெய் நிரப்பிய பெட்டியில் வைத்துவிட்டால் என்ன என்றும் கேட்கலாம். முடிந்தவரை அப்படியே செய்; துளை குறைந்தால் அபாயமும் குறையும். ஆனால் வயர் நுழையும் இடமும் துளைதான், அதற்கும் இதே விதிதான். இதெல்லாம் கடற்படைக்கு, நமக்கு எதற்கு என்பது மூன்றாவது வாதம். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் த்ரெஷர் நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியது. என்ஜின் அறையில் கடல்நீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம் என்றது விசாரணை. அதன்பின் வந்த சப்சேஃப் முறையில், கடலைத் தடுக்கும் ஒவ்வொரு பாகத்தின் உலோகமும் வேலையும் சோதனையும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தச் சான்று பெற்ற ஒரு நீர்மூழ்கியும் இதுவரை தொலைந்ததில்லை. அவர்களைக் காப்பது பெரிய பணம் மட்டுமல்ல, எழுதி வைக்கும் ஒழுக்கமும்தான். அதற்கு உனக்கு ஒரு நோட்டும் மைக்ரோமீட்டரும் போதும்.

ஆகவே இரண்டு ஓ-ரிங் போடு. நடுவே சிறு துளையிட்டு உள்பக்கம் வால்வு வை. வால்வைத் திறந்ததும் நீர் கசிந்தால் வெளி ஓ-ரிங் போயிற்று என்று அர்த்தம்; உள் ஓ-ரிங் தாங்கும்போதே மேலே வந்துவிடலாம். பித்தளை வேண்டாம், கடல்நீர் அதன் துத்தநாகத்தை அரித்துவிடும். 316 ஸ்டெயின்லெஸ்கூட ஓ-ரிங்கின் அடியில் நீர் தேங்கும் இடத்தில் குழி விழும். அவ்வப்போது கழற்றி அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார். இதே அளவில் ஒரு மாதிரி ஹவுசிங் கடைந்து, இரு முனையும் அடைத்த குழாயில் பொருத்தி, காற்றால் அல்ல, தண்ணீரால், 30 மீட்டர் அழுத்தத்தைத் தாண்டி 3.75 கிலோவுக்கு ஏற்று. ஷாஃப்ட்டைத் திருப்பிக்கொண்டே மணிக்கணக்கில் பார். அது ஒரு சொட்டும் விடாத பிறகு கூட்டில் துளை போடு. உன் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை; அவசரம்தான் என் கவலை.

அன்புடன்,
பெரியப்பா