கழிபொருட் கல்வி

கல்வி என்பது ஏட்டிலும் கரும்பலகையிலும் மட்டும் அடங்குவதன்று. கைக்கும் கண்ணுக்கும் கருத்துக்கும் ஒருங்கே தொழில் தருவதே நிறைந்த கல்வியாம். அத்தகைய கல்விக்குப் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை, நாம் பயனற்றவை என்று வீசியெறியும் பொருள்களே போதும் என்பது இந்நாளில் பள்ளிகள் பலவற்றிலும் பேசப்படும் கருத்து. அக்கருத்து எவ்வளவு மெய், எவ்விடத்துப் பிழைபடும், எங்ஙனம் பயிற்றினால் பயன்தரும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் சொற்பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் நலம். கழிந்த பொருளை அரைத்தோ உருக்கியோ மீண்டும் மூலப்பொருளாக்குதல் ஒரு முறை. இதனை மறுசுழற்சி என்கிறோம். குடிநீர் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் புட்டி ஆடைக்குரிய இழையாக மாறுவது இம்முறையாலேயாம். இதற்கு ஆலையும் வெப்பமும் வேண்டும். பொருளின் தரமும் பெரும்பாலும் குறைந்துபோகும். மற்றொரு முறை, பொருளை உருக்கி அழிக்காமலே, அதனை முன்னினும் உயர்ந்ததொரு பயனுக்கு ஆளாக்குதல். ஆங்கிலத்தார் இதனை ‘அப்சைக்ளிங்’ என்பர். நாம் உயர்பயனாக்கம் எனலாம். பெயர் புதிது, செயல் புதிதன்று. பழம்புடைவை குழந்தைக்குத் தூளியாவதும், கொட்டாங்கச்சி அகப்பையாவதும் நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவருவனவே.

இனி, இதனால் மாணாக்கர் அறியவேண்டுவன இரண்டு. ஒன்று படைப்பாற்றல், மற்றொன்று நிலைபேறு. பின்னதன் இயல்பைத் தெளிவுற விளக்கியவருள் ஒருவர், 1892இல் தஞ்சையிற் பிறந்து காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தில் உழைத்த ஜே. சி. குமரப்பா. அவர் சிறையிலிருந்து எழுதி 1945இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் இன்றும் கற்கத்தக்கது. நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது போல்வன தேக்கத்து நீரை ஒப்பன. எடுக்க எடுக்கக் குறைவன. மரமும் பயிரும் ஆற்றொழுக்கை ஒப்பன. காத்துப் பயன்கொள்ளின் மீண்டும் மீண்டும் வருவன. இவ்விரண்டனுள் முன்னதைச் சார்ந்த வாழ்வு நிலையாது, பின்னதைச் சார்ந்ததே நிலைக்கும் என்பது அவர் கோட்பாடு. பிளாஸ்டிக் புட்டி பெரும்பாலும் தேக்கப் பொருளினின்று பிறந்தது. பனையோலைக் கொட்டான் ஒழுக்கப் பொருளினின்று பிறந்தது. இவ்வேறுபாட்டை உணராமல் புட்டிக்கு வண்ணம் பூசுவதனால் மட்டும் நிலைபேறு கற்றவராகோம்.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்குமுன் ஒரு பிழையாற் கற்றேன். சென்ற ஆண்டு, எம் கலாசாலை மாணவர் சிலர் சனிக்கிழமைதோறும் சென்று துணைபுரியும் ஒரு நடுநிலைப் பள்ளியில், கண்காட்சிக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஒவ்வொருவரும் வெற்றுப் பிளாஸ்டிக் புட்டிகள் இரண்டு கொணர்க என்று ஆறாம் வகுப்பினர்க்குச் சொன்னேன். ஒரு சிறுமி கொணர்ந்த புட்டிகள் மட்டும் கீறலின்றி மின்னின. வினவியபோது அவள், “எங்கள் வீட்டில் வெறும் புட்டி கிடையாது, அண்ணா. அம்மா கடையிலே கலர் வாங்கி, எங்களைக் குடிக்கச் சொல்லிப் புட்டியைக் கொடுத்தார்கள்” என்றாள். அவள் தாய் கூலிவேலை செய்பவர். குப்பையே இல்லாத ஒரு வீட்டைக் குப்பை விலைகொடுத்து வாங்கச் செய்தேன் யான்!

அஃதோடு முடியவில்லை. புட்டிகளை வெட்டி, வண்ணமும் சரிகைத்தூளும் ஒட்டிப் பூச்சாடிகள் ஆக்கினோம். கண்காட்சி கழிந்த வாரத்தில் அவை பள்ளியின் பின்புறத்திற் கிடந்தன. காயலான் கடைக்காரரோ, வெறும் புட்டியாயின் எடைக்கு எடுத்திருப்பேன், பசையும் வண்ணமும் ஏறியவை வேண்டா என்று கூறிவிட்டார். பயன்பட்டிருக்கக்கூடிய பொருளை யாமே மெய்யான குப்பையாக்கினோம். அது உயர்பயனாக்கம் அன்று. அதற்கு நேர்மாறானது என்க.

நிற்க. இக்கல்வியை நெறிப்படச் செய்து காட்டியோரும் நம் நாட்டில் உளர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியற் கல்வித் திட்டம் தொடங்கிற்று. விலையுயர்ந்த கருவிகள் இன்றி, சிற்றூரிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மாணாக்கர் தாமே சோதனை செய்து கற்பது அதன் முறை. அத்திட்டம் 2002ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. கான்பூர் ஐ.ஐ.டி.யிற் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் அங்குச் சென்று, தீக்குச்சியையும் மிதிவண்டியின் வால்வு டியூபையும் இணைத்துக் கணித உருவங்கள் அமைக்கும் வழியைக் கண்டார். கழிபொருளால் விளையாட்டுக் கருவிகள் செய்யும் முறைகளைப் பின்னர் நாடெங்கும் பரப்பிய அவர்க்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

அவர் முறையை யாமும் அப்பள்ளியிற் செய்து பார்த்தோம். எரித்தணைத்த தீக்குச்சிகளின் கரிந்த நுனியை நீக்கி, அனைத்தையும் ஒரே அளவாக நறுக்கிக்கொண்டோம். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் சிறிது வால்வு டியூப் பெற்று, விரற்கடை அளவுத் துண்டுகளாக்கினோம். ஒரு துண்டின் இரு முனைகளிலும் இரு குச்சிகளைச் செருகின் ஒரு மூட்டு ஆகும். மூட்டின் நடுவே கருவேல முள்ளால் துளையிட்டு, மூன்றாவது குச்சியைக் கூராக்கிச் செருகின் மும்முனை மூட்டு ஆகும்.

மூன்று குச்சிகளால் முக்கோணமும் நான்கு குச்சிகளால் சதுரமும் செய்து, இரண்டையும் அழுத்துமாறு சொன்னோம். சதுரம் சாய்ந்தது, முக்கோணம் அசையவில்லை. கூரைச் சட்டத்திலும் இருப்புப்பாதைப் பாலத்திலும் முக்கோணங்கள் மலிந்திருப்பதேன் என்பதைப் பிள்ளைகள் தாமே உரைத்தனர். பின்னர் ஆறு குச்சிகளால் நான்முகியும், ஒன்பதால் முக்கோணப் பட்டகமும், பன்னிரண்டால் கனசதுரமும் எழுந்தன. மூலைகளையும் முகங்களையும் கூட்டினால், விளிம்புகளின் தொகையினும் எப்போதும் 2 மிகுந்திருப்பதை ஒரு சிறுவன் எண்ணிக் கண்டான். 18ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஆய்லர் கூறிய விதி அஃது என்று சொன்னபோது, அவன் முகத்திற் கண்ட மகிழ்ச்சி எந்தப் பூச்சாடியும் தாராதது.

இவ்விரு அனுபவங்களினின்றும் நான்கு விதிகளைத் தொகுக்கலாம்.

1. கழிபொருளை விலைக்கு வாங்கச் செய்தலாகாது. இல்லாத வீட்டைக் குறையாக எண்ணாது, அதனையே சிறப்பாகப் போற்றுதல் வேண்டும்.

2. ஆக்கும் பொருள் ஆடவோ அளக்கவோ ஆராயவோ பயன்படல் வேண்டும். அலமாரிக்கு மட்டும் ஆவது போதாது.

3. ஆசிரியர் உருவைக் கொடாமல் வினாவைக் கொடுத்தல் வேண்டும். நாற்பது பிள்ளைகளும் ஒரே வடிவைச் செய்யின் அங்கே படைப்பாற்றல் இல்லை.

4. இதன் பயன் தீர்ந்தபின் இஃது எங்குச் செல்லும் என்பதைத் தொடங்குமுன்னரே மாணாக்கர் சொல்லுதல் வேண்டும்.

உடைந்த கண்ணாடி, ஊசி, பழைய மின்கலம் ஆகியவற்றைப் பிள்ளைகள் கையிற் கொடுத்தலாகாது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இவ்விதிகளைக் கரும்பலகையில் எழுதிய நாளில், முன்னர்க் கூறிய அச்சிறுமி எழுந்து, “அண்ணா, நுங்கு வண்டி இதிலே தேறுமா?” என்று கேட்டாள். வகுப்பு நகைத்தது. ஆயினும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். நுங்கைத் தின்றபின் எஞ்சிய கூடுகளே உருளைகள்; வாங்கியன அல்ல. இரண்டையும் ஒரு குச்சியால் இணைத்துக் கவைக்கோலால் தள்ளின் ஓடுகிறது. ஆகவே பயன் உண்டு. அச்சு நடுவிற் பொருந்தாவிடின் வண்டி துள்ளும் என்பதைப் பிள்ளைகள் தாமே செய்து பார்த்து அறிவர். முடிவில் மண்ணோடு மண்ணாகும். நான்கிலும் தேறிற்று! குமரப்பா கூறிய ஒழுக்கப் பொருளுக்கு இதனினும் எளிய சான்று ஏது? அவள் வீட்டார் அறிந்திருந்ததை யான் அவளுக்குக் கற்பிக்கச் சென்றிருந்தேன்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019 சனவரி முதல் தமிழ்நாட்டு அரசு தடைசெய்துள்ளது. சட்டம் கடையைத் தடுக்கும். கருத்தைத் திருத்துவது கல்வியே. நம்முள் பலர் இக்கலாசாலையை விட்டு ஆசிரியராகச் செல்லவிருக்கிறோம். அந்நாளில், “என்ன கொண்டுவந்தாய்?” என்று மாணாக்கரைக் கேட்குமுன், “உங்கள் வீட்டில் எதனை எறியாமல் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்போமாக. கழிபொருட் கல்வியின் முதற்பாடம் அவ்வினாவிலேயே தொடங்குகின்றது.