தோட்டத்து ஷெட்டுக்கு எந்த மீட்டரிலிருந்து கரண்ட் எடுக்கலாம்?

கேள்வி: பொள்ளாச்சி அருகே எங்கள் வீட்டை ஒட்டித் தென்னந்தோப்பு இருக்கிறது. வாஷிங் மெஷினும் கிரைண்டரும் வைக்கத் தோட்டத்தில் ஒரு ஷெட் போட்டிருக்கிறோம். வீட்டு சர்வீஸை விட இலவச பம்ப்செட் சர்வீஸ்தான் பக்கம். அதிலிருந்து வயர் இழுத்தால் வழக்கு வரும் என்கிறார் வயர்மேன். பிற்பாடு ஷெட்டைக் கடைக்கு வாடகைக்கு விடும் யோசனையும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: வயர்மேன் சொன்னது சரி.

நிலமும் பட்டாவும் ஒருவருடையது என்றால் எந்த மீட்டரிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உண்டு. மின்சாரச் சட்டம், 2003 பட்டாவைப் பார்ப்பதில்லை. எந்த இடத்துக்கு, எந்த உபயோகத்துக்கு இணைப்பு தரப்பட்டது என்றுதான் பார்க்கிறது. அந்த இரண்டில் ஒன்று மாறினாலும் 126-வது பிரிவின்படி அது அங்கீகாரமற்ற பயன்பாடு. பாசனத்துக்கு இலவசமாகத் தரப்பட்ட மின்சாரத்தில் வாஷிங் மெஷின் ஓடினால் உபயோகம் மாறிவிடுகிறது.

பிடிபட்டால், அந்த உபயோகத்துக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். எப்போதிலிருந்து எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால், சோதனை நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ‘தெரியாமல் செய்துவிட்டோம்’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ஒடிசாவின் சீதாராம் அரிசி ஆலை வழக்கில், 126-வது பிரிவுக்கு ஏமாற்றும் நோக்கம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 135-வது பிரிவு வருகிறது. அது மின் திருட்டு. மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வீட்டு சர்வீஸிலிருந்து எடுப்பதில் சிக்கல் குறைவு. ஷெட் அதே வளாகத்துக்குள், குடும்ப உபயோகத்துக்கு மட்டும் இருந்தால், அனுமதிக்கப்பட்ட மின்சுமைக்குள் அடங்கும் வரை எடுக்கலாம். சுமை கூடினால் முதலில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தோப்பு சாலைக்கு அந்தப் பக்கம், தனி வளாகமாக இருந்தால் ‘வேறு இடம்’ என்ற கேள்வி எழும். அப்போது தனி இணைப்பே நல்லது.

வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம்தான் கொடுக்க வேண்டும். தென்னை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட வயர் மட்டை விழுந்தால் அறுந்துவிடும். மண்ணுக்கடியில் குழாய்க்குள் போகும் கேபிள், ஷெட்டுக்குச் சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் அவசியம்.

கடைக்கு விடும் நாளில் வீட்டு இணைப்பு உதவாது. வணிகக் கட்டணத்தில் தனி இணைப்பு வேண்டும். சட்டத்தின் 43-வது பிரிவின்படி உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதியிருந்தாலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும் நோட்டீஸ் வரும்.

ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டதா? சிவில் கோர்ட்டுக்கு ஓடிப் பயனில்லை. 145-வது பிரிவு அந்த வழியை அடைத்துவிடுகிறது. தற்காலிக மதிப்பீட்டுக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, கையொப்பமிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். இறுதி உத்தரவு பாதகமாக வந்தால் 127-வது பிரிவின்கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மதிப்பிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும்.