கணக்குக் கேட்ட மக்கள்

நுழையும்முன்

மக்களாட்சியில் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதோடு குடிமக்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோரிடம் கணக்குக் கேட்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே. இராஜஸ்தான் மாநிலத்தின் எளிய உழைப்பாளர்கள் அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றினர் என்பதை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

இராஜஸ்தானின் நடுப்பகுதி மழை குறைந்த நிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் உழவர்க்கு வயலில் வேலை இராது. அக்காலங்களில் சாலை அமைத்தல், குளம் வெட்டுதல், தடுப்பணை கட்டுதல் போன்ற வறட்சி நிவாரணப் பணிகளை அரசு நடத்தும். ஆடவரும் பெண்டிரும் வெயிலில் மண் சுமந்து அன்றாடக் கூலி பெறுவர். ஆனால், சட்டம் உறுதிசெய்த குறைந்தபட்சக் கூலி அவர்கள் கைக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. காரணம் கேட்டால், அவர்கள் செய்த வேலை குறைவு என்று பதிவேடு காட்டுவதாக விடை கிடைத்தது. அப்பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், அது அரசு ஆவணம், காட்ட இயலாது என்று மறுக்கப்பட்டது.

இந்நிலையில், 1987ஆம் ஆண்டு தேவ்டுங்கரி என்னும் சிற்றூரில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் குடியேறினர். அருணா ராய் சென்னையில் பிறந்து தில்லியில் வளர்ந்தவர். 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அப்பதவியைத் துறந்தவர். இவர்களும் அவ்வட்டார மக்களும் இணைந்து 1990ஆம் ஆண்டு மே முதல் நாளில் ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். ‘தொழிலாளர் உழவர் ஆற்றல் அமைப்பு’ என்பது இப்பெயரின் பொருள்.

1994ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் இவ்வமைப்பு முதல் ‘மக்கள் விசாரணை’யை நடத்தியது. பின்னர் வேறு பல ஊர்களிலும் இத்தகைய விசாரணைகள் நடைபெற்றன. ஊர் மக்கள் திறந்தவெளியில் கூடினர். அரிதின் முயன்று பெற்ற அரசுப் பதிவேடுகளின் நகல்கள் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே செல்லாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. இறந்தவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தன. முற்றுப்பெறாத கட்டடங்கள் முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது.

ஏட்டில் இருப்பது பொய் என்பதை ஏடு தானே கூறாது. அதை அறிந்த மனிதர் எழுந்து கூற வேண்டும். கூற வேண்டிய உழைப்பாளியோ ஊர்ப் பெரியவர்களை அண்டி வாழ்பவர். குற்றம் செய்தவர் அவருடைய உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். நாளை வேலை மறுக்கப்படலாம் என்னும் அச்சமும் உண்டு. அவ்வாறிருந்தும் பலர் எழுந்து நின்று, தாம் பெற்ற கூலி இவ்வளவே என்று சான்று கூறினர். சில ஊர்களில் ஊராட்சித் தலைவர்கள் முறைகேடாக எடுத்த பணத்தைத் திருப்பிச் செலுத்தினர். தலைவரைப் பொறுப்பேற்கச் செய்தது, அஞ்சாது உண்மை கூறிய குடிமக்களின் சொல்லே ஆகும்.

வளர்ச்சிப் பணிகளின் ஆவண நகல்கள் மக்களுக்கு வழங்கப்படும் என்று 1995இல் மாநில முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் அதற்கான ஆணை வரவில்லை. எனவே, 1996 ஏப்பிரல் மாதம் பியாவர் நகரில் மக்கள் அறப்போராட்டத்தில் அமர்ந்தனர். போராட்டம் நாற்பது நாள்கள் நீடித்தது. சுற்றுப்புறச் சிற்றூரார் தானியம் கொடுத்தனர். நகரத்தார் நன்கொடை அளித்தனர். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்தம் முழக்கம். பத்து ரூபாயுடன் கடைக்குச் சென்று வந்த மகனிடமே கணக்குக் கேட்கும் தாய், தன் பெயரால் கோடிக்கணக்கில் செலவிடும் அரசிடம் கணக்குக் கேட்கக் கூடாதா என்று அவ்வியக்கத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் வினவினார். அவர் நான்காம் வகுப்பு வரையே பயின்றவர்.

இத்தகைய முயற்சிகளின் பயனாக, 2000ஆம் ஆண்டு இராஜஸ்தான் மாநிலமும், 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இயற்றின. நடுவண் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதன்படி, அரசு அலுவலகத்தின் தகவலைக் குடிமக்கள் எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். நடுவண் அரசு அலுவலகங்களுக்குரிய விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. தகவல் கேட்பதற்கான காரணத்தைக் கூற வேண்டியதும் இல்லை. நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 30 நாள்களுக்குள் விடை தரப்பட வேண்டும். தக்க காரணமின்றிக் காலம் தாழ்த்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படும். இச்சட்டம் வயது வரம்பு எதனையும் கூறவில்லை. எனவே, மாணவரும் விண்ணப்பிக்கலாம்.

பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்பது தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆயின், அன்று அவ்வாரியங்களில் இடம்பெறும் உரிமை நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே இருந்தது. மண் சுமக்கும் உழைப்பாளியும் அரசிடம் கணக்குக் கேட்கலாம் என்பது இக்காலம் பெற்ற பேறு. தகவல் உரிமைக்கு முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பதும் அறியத்தக்கது. அச்சட்டம் 1997இல் இயற்றப்பட்டது.

சட்டம் வந்துவிட்டதால் குடிமக்களின் பொறுப்புக் குறைந்துவிடவில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் சட்டம் ஏட்டிலேயே உறங்கும். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டோரும் உயிரிழந்தோரும் இந்நாட்டில் உண்டு. தனியொருவர் கேட்கும்போது ஊரார் ஒதுங்கி நிற்பது அத்தீமைக்கு இடம் தருகிறது. மேலும், கேட்பவரிடமும் நேர்மை வேண்டும். தேர்தலில் வாக்குக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணம் பெற்று வாக்களித்தவர் பின்னர்த் தலைவரிடம் கணக்குக் கேட்க நாணுவார். செய்யாத வேலைக்குக் கைந்நாட்டு இடுபவரும் அப்பொய்க் கணக்கில் பங்கு கொள்கிறார். தலைவர்களின் குறைகளைத் திண்ணையில் பேசிக் கலைவது எளிது. கிராம சபைக்குச் சென்று, செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஐயம் எழும் இடத்தில் எழுந்து வினவுவதே குடிமக்கள் ஆற்ற வேண்டிய பணி.

அருஞ்சொற்பொருள்

நிவாரணம் – துயர் நீக்கும் உதவி
அரிதின் – மிகுந்த முயற்சியுடன்
அண்டி – சார்ந்து
வாரியம் – ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழு
தண்டம் – அபராதம்
கைந்நாட்டு – கைவிரல் பதிவு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. முதல் மக்கள் விசாரணை நடைபெற்ற ஊர் ________.
2. பியாவர் அறப்போராட்டம் ________ நாள்கள் நீடித்தது.
3. குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டுகள் உள்ள ஊர் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பதிவேடு
2. மக்களாட்சி
3. தடுப்பணை

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. உழைப்பாளர்கள் பதிவேட்டைப் பார்க்க விரும்பியது ஏன்?
2. மக்கள் விசாரணையில் சான்று கூறுவது கடினமாக இருந்தது ஏன்?
3. வாக்குக்குப் பணம் பெற்றவர் கணக்குக் கேட்க நாணுவது ஏன்?

ஈ. விரிவான விடை தருக.
உத்திரமேரூர்க் கல்வெட்டு விதியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் ஒப்பிட்டு, ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் எழுதுக.

உ. செயல்பாடு
குடியிருப்புப் பகுதியில் அண்மையில் நடைபெற்ற பொதுப்பணி ஒன்றை (சாலை, குடிநீர்க் குழாய், பூங்கா) தேர்ந்தெடுக்க. அப்பணிக்குச் செலவான தொகை, பணி தொடங்கிய நாள், முடிந்த நாள் ஆகியவற்றைக் கேட்டு ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுக. பெற்றோர் துணையுடன் அதனை அப்பகுதியின் ஆட்சிமொழியிலும் எழுதிப் பார்க்க.