வெள்ளம் வருமுன் வரைந்து பார்க்கும் படம்

பயிர்த்தொழில் செய்வோர் வருங்காலத்தை நோக்கியே எக்காரியத்தையும் தொடங்குகின்றனர். கோடையில் கரையைப் பலப்படுத்தும்போதே ஐப்பசி மழையை மனத்திற்கொள்வது அவர்களுக்கு இயல்பு. ஆயினும், இதுவரை கண்டிராத வெள்ளத்தை மனத்தால் உருவகப்படுத்திக்கொள்ளுதல் எளிதன்று. காணாத அபாயத்திற்காகப் பணமும் உழைப்பும் செலவிடப் பலரும் தயங்குவர். இக்குறையைப் போக்க, நேரக்கூடிய நிலைமைகளைப் படமாக முன்வைத்து, "இவ்வாறு நேர்ந்தால் என் செய்வது?" என்று ஆலோசிக்கும் முறையொன்று உண்டு. அப்படங்களைத் தீட்டும் வேலையை இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு கொண்ட கணினியே செய்து தருகிறது. அதன் பயனும் எல்லையும் ஓர் உதாரணத்தால் கீழே விளக்கப்படுகின்றன.

மான்ட்ரீல் நகரத்து முயற்சி

கனடா தேசத்து மான்ட்ரீல் நகரிலுள்ள மிலா என்னும் ஆராய்ச்சி நிலையம் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய சாதனம் ஒன்றைப் பொதுமக்களின் உபயோகத்திற்கு வெளியிட்டது. ஒருவர் தம் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால், அத்தெருவின் புகைப்படத்தை எடுத்து, அங்கே வெள்ளம் சூழ்ந்தது போலவும், புகை மண்டியது போலவும், காட்டுத்தீயால் வானம் நிறம் மாறியது போலவும் அது திருத்திக் காட்டும். பருவநிலை மாறுதல் தூரதேசத்தில் யாருக்கோ நேர்வது என்ற எண்ணத்தை நீக்குவதே இதன் நோக்கமாகும்.

வெள்ளப் படம் இரண்டு படிகளில் தயாராகிறது. முதற்படியில், தரை எது, சுவர் எது, அருகிலுள்ளது எது, தொலைவிலுள்ளது எது என்று பகுத்து, நீர் மூடக்கூடிய இடத்திற்கு எல்லை குறிக்கப்படுகிறது. இரண்டாம் படியில், அவ்வெல்லைக்குள் வானமும் கட்டிடங்களும் பிரதிபலிக்கும்படி நீர் தீட்டப்படுகிறது. ஒரே இடத்தை ஒரே கோணத்தில் வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் கிடைப்பது அரிதாதலால், ஆராய்ச்சியாளர் கணினிக்குள் ஒரு கற்பனை ஊரை அமைத்து, நீரின்றியும் நீருடனும் அதைப் படமாக்கி, உண்மைப் புகைப்படங்களோடு சேர்த்து அதற்குப் பயிற்சி அளித்தனர்.

படம் சொல்லாதவை

இப்படம் வெள்ள முன்னறிவிப்பு அன்று என்பதை மறத்தலாகாது. நிலத்தின் மட்டம், மழையின் அளவு, ஆற்றின் போக்கு ஆகியவற்றைக் கணக்கிட்டு அது வரையப்படுவதில்லை. மேட்டுத் தெருவின் படத்தைக் கொடுத்தாலும் நீர் சூழ்ந்த காட்சியே கிடைக்கும்.

பயிரின் கதியையும் படம் காட்டாது. சாதாரண நெற்பயிர் ஒரு வாரத்திற்கு மேல் முழுதும் மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலும் அழுகிவிடும். ஒடிசாவின் நாட்டு நெல் வகையொன்றின் தாங்கும் குணத்தைச் சேர்த்து உண்டாக்கி, 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட ஸ்வர்ணா சப்-1 என்னும் ரகமோ ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். மூழ்கிய இவ்விரு வயல்களும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். எத்தனை நாளில் நீர் வடியும் என்பதே விவசாயி அறிய வேண்டுவது. அதற்கு வடிகாலைத்தான் பார்க்க வேண்டும்.

கிராமத்தில் கையாளும் விதம்

1. முன்னைய வெள்ளங்களில் நீர் ஏறிய உயரத்தைச் சுவர்க்கறை, மதகுக் குறி, கிராமப் பதிவுகள், முதியோர் வாக்கு ஆகியவற்றால் முதலில் நிச்சயிக்க வேண்டும். படத்திலுள்ள நீர் அம்மட்டத்திற்குப் பொருந்தாவிடில் அதைத் தள்ளிவிடுக.

2. ஒரே படத்தோடு நில்லாமல், வடிகால் இன்றுள்ளபடியே இருந்தால் ஒன்று, தூர் வாரினால் ஒன்று, கரையை உயர்த்தினால் ஒன்று எனப் பல படங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஆகக்கூடிய செலவை எழுதுதல் நன்று.

3. கடைமடை நிலக்காரர்களையும் குத்தகைதாரர்களையும் முதலில் அழைத்துக் கேட்க வேண்டும். ஒருவர் கரை தடுத்த நீர் மற்றொருவர் வயலிலேயே போய் நிற்கும். அவ்வயல் பெரும்பாலும் படத்திற்கு வெளியே இருக்கும்.

4. ஒவ்வொரு படத்திலும் "கற்பனைப் படம்" என்றும், தயாரித்த தேதியும் தெளிவாக எழுத வேண்டும். கிராம அதிகாரிகள் இவற்றைப் பயிர்ச்சேதக் கணக்கில் சேர்க்க இடங்கொடுத்தலாகாது. ஒருமுறை பொய்ப்படம் கலந்துவிட்டால், உண்மையாக நஷ்டமடைந்தவரின் விண்ணப்பமும் சந்தேகத்திற்கு உள்ளாகும். நேரில் வயலைப் பார்வையிடுவதே சேதத்திற்குச் சான்று.

இவ்வெல்லைகளை அறிந்து உபயோகித்தால், கூட்டத்தில் பேசத் தயங்குவோரும் படத்தைக் கண்டு தம் அனுபவத்தைச் சொல்ல முன்வரக்கூடும். அவ்வனுபவத்தைக் குறித்துக்கொண்டு, மழைக்கு முன்பே வாய்க்காலையும் வடிகாலையும் நேரில் நடந்து பார்த்து, செய்ய வேண்டிய வேலையை நிச்சயித்துக்கொள்வது கிராமத்தார் அனைவருக்கும் நலம் பயக்கும்.